கூரத்தாழ்வான்

தொண்டை நாட்டின் தலைநகராய் விளங்கிய காஞ்சி மாநகர் கோயில்களாற் பெருமை பெற்றது. பட்டினாற் புகழ் பெற்றது. ஏகாம்பரநாதர் கோயில், கைலாசநாதர் கோயில், காமாட்சியம்மன் கோயில், வரதராசப் பெருமாள் கோயில் எனப் பற்பல கோயில்கள் அந்நகரை அணி செய்கின்றன. கோயில் வீதிகளைக் கடந்து நெசவாளர் தெருக்களிற் புகுந்தால், வீடுதோறும் தறியின் ஓசை நம் செவியை நிரப்பும். காஞ்சிப் பட்டுச் சேலையின் உடல் ஒரு நிறமாகவும் கரை வேறொரு நிறமாகவும் அமைந்திருக்கும். அவ்விரண்டையும் தனித்தனி நாடா கொண்டு நெய்து, இழையோடு இழை பிரியாதவாறு கோப்பதே அப்பட்டின் தனிச் சிறப்பு. இதனைக் ‘கோர்வை’ என்பர். இவ்வேலைக்கு நெசவாளர் ஒருவர் மட்டும் போதார். அவர் பக்கத்தில் அமர்ந்து கரைநாடாவைச் செலுத்தும் துணைவர் ஒருவரும் வேண்டும். சேலையை உடுத்து மகிழ்வோர் நெசவாளரைப் பாராட்டினும் பாராட்டுவர். பக்கத்தில் இருந்த துணைவரை நினைப்பவர் மிகச் சிலரே.

உலகிற் சிறந்த பெரியோர் பலருடைய வாழ்வும் இத்தகையதே. அவர்கள் ஆற்றிய அருஞ்செயல்களை நாம் அறிவோம். அச்செயல்கள் நிறைவேறும்பொருட்டு அவர்கள் பக்கத்தில் நின்று தம்மையே ஈந்தவரை அறியோம். வைணவ சமயத்தின் பேராசிரியராகிய இராமாநுசரின் பக்கத்தில் நின்று, அவர் உயிரைக் காக்கத் தம் கண்களை இழந்த சான்றோர் ஒருவர் இருந்தார். அவரே கூரத்தாழ்வான்.

பிறப்பும் செல்வமும்

காஞ்சிபுரத்திலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் கூரம் என்னும் சிற்றூர் உள்ளது. ஊர் சிறிதாயினும் அதன் பழமை பெரிது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மன் என்னும் பல்லவ மன்னன் வழங்கிய செப்பேடு இவ்வூரிற் கிடைத்தது. ஊர் மண்டபத்திற் பாரதம் படிப்பதற்கென நிலப்பங்கு ஒதுக்கிய செய்தி அச்செப்பேட்டிற் காணப்படுகின்றது. இவ்வாறு கல்வியும் அறமும் வேரூன்றிய ஊரில், கி.பி. 1010-ஆம் ஆண்டு, தைத் திங்கள் அத்த நாளில், செல்வக் குடி ஒன்றில் இவர் தோன்றினார் என்பது வைணவ மரபு. பெற்றோர் இட்ட பெயர் திருமறுமார்பன் என்பது. வடமொழியில் அதனை ஸ்ரீவத்ஸாங்கர் என்பர். கூரத்திற் பிறந்தவராதலின் பிற்காலத்தார் இவரைக் கூரத்தாழ்வான் என்றும், சுருக்கமாக ஆழ்வான் என்றும் வழங்கினர்.

இவருடைய வரலாற்றைப் பின்பழகிய பெருமாள் சீயர் இயற்றிய ஆறாயிரப்படி குருபரம்பரை முதலிய நூல்கள் விரித்துரைக்கின்றன. அவை பத்தியுள்ளத்தோடு எழுதப்பட்ட நூல்கள். அவற்றில் வரலாறும் மரபுக் கதையும் பிரிக்கவொண்ணாதபடி கலந்து கிடக்கின்றன. ஆயினும் ஆழ்வானின் உள்ளப் பாங்கை உணர்த்துவதில் அவை யாவும் ஒருமுகமாய் நிற்கின்றன.

ஆழ்வான் பெருஞ்செல்வர், கல்வியிலும் வல்லவர். கற்பிற் சிறந்த ஆண்டாள் என்னும் நங்கை அவருக்கு வாழ்க்கைத் துணைவியாய் அமைந்தாள். அவர்கள் மனையில் வைகறை முதல் இரவு வரை ஏழைகளுக்கும் வழிப்போக்கர்க்கும் உணவு வழங்கப்பட்டது. பசித்து வந்தோர் எவரும் வாடிய முகத்துடன் மீண்டதில்லை.

இக்காலத்தில், திருப்பெரும்புதூரில் 1017-ஆம் ஆண்டில் தோன்றியவரெனக் கூறப்படும் இராமாநுசர் காஞ்சியில் வாழ்ந்து வந்தார். யாதவப்பிரகாசர் என்னும் ஆசிரியரிடம் வேதாந்தம் கற்று, பின்னர்க் கருத்து வேறுபாட்டால் அவரைப் பிரிந்து, திருக்கச்சி நம்பிகளின் அறிவுரைப்படி வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் கிணற்று நீர் கொணரும் தொண்டினை மேற்கொண்டார். பின்பு காஞ்சியிலேயே துறவு பூண்டார். அவர் துறவு பூண்டதும் அவரை அடுத்து மாணாக்கராயினோருள் முதல்வர் இருவர். ஒருவர் முதலியாண்டான், மற்றவர் கூரத்தாழ்வான். துறவியின் கையை விட்டு நீங்காத முக்கோல் முதலியாண்டான் என்றும், பவித்திரம் ஆழ்வான் என்றும் வைணவர் போற்றுவர். சில காலத்திற்குப் பின் இராமாநுசர் திருவரங்கம் சென்று அங்கே தலைமை ஏற்றார்.

பொன்வட்டில்

ஆழ்வான் செல்வம் துறந்த வரலாறு சுவையுடையது. ஒருநாள் இரவு, அறச்சாலைப் பணிகள் முடிந்து, அவர் மாளிகையின் பெருங்கதவுகள் அடைக்கப்பட்டன. அவ்வோசை காஞ்சிக் கோயில் வரை சென்று ஒலித்தது என்றும், அஃது யாதென வினவிய இறைவிக்குத் திருக்கச்சி நம்பிகள் ஆழ்வானின் செல்வச் சிறப்பை எடுத்துரைத்தார் என்றும் கதை வழங்குகின்றது. இச்செய்தி ஆழ்வானின் செவிக்கு எட்டியது. மற்றொருவராயின் பெருமிதம் கொண்டிருப்பர். ஆழ்வானோ நாணினார். தம் வீட்டுக் கதவின் ஓசை இறைவன் கோயிலுள் ஒலிக்கும் அளவுக்குத் தாம் செல்வத்தாற் பெருத்துவிட்டதை எண்ணி வருந்தினார். உடனே தம் பொருள் அனைத்தையும் எளியவர்க்கு வாரி வழங்கினார். உடுத்த உடையுடன் மனைவியை அழைத்துக்கொண்டு திருவரங்கம் நோக்கி நடந்தார்.

வழி காட்டினூடே சென்றது. இருள் சூழ்ந்தது. ஆண்டாள் அஞ்சி நடந்தாள். வழியில் அச்சம் ஏதும் உண்டோ என்று கணவரை வினவினாள். மடியிற் பொருள் இருந்தாலன்றி வழியில் அச்சம் இராதே என ஐயுற்ற ஆழ்வான், அவளிடம் ஏதேனும் உள்ளதோ என்று கேட்டார். கணவர் உணவு கொள்வதற்கென்று பொன்வட்டில் ஒன்றை மறைவாக எடுத்து வந்ததை அவள் ஒளியாது உரைத்தாள். ஆழ்வான் சினந்தாரல்லர், அதனை வாங்கிப் புதரில் எறிந்துவிட்டு, இனி அச்சமில்லை என்று கூறி முன் நடந்தார். அவ்வம்மையார்க்கும் அதன்பின் அச்சம் இருந்திலது. நேற்றுவரை ஆயிரவர்க்கு உணவளித்த அவ்விருவரும் திருவரங்கத்தில் வீடுதோறும் பிச்சை ஏற்று உண்டனர். அவர்களுக்கு இரட்டையராய்ப் பிறந்த மக்களுள் மூத்தவருக்கு இராமாநுசரே பராசர பட்டர் என்று பெயர் சூட்டினார். பிற்காலத்தில் விஷ்ணு சகசிரநாமத்திற்குப் பேருரை வகுத்தவர் இப்பராசர பட்டரே.

எழுத்தாணி நின்றது

இராமாநுசரின் குருவழியில் முன்னோராகிய ஆளவந்தார் தம் வாழ்நாளில் நிறைவேறாத விருப்பங்கள் சிலவற்றை விட்டுச் சென்றார். வியாசர் அருளிய பிரம சூத்திரத்திற்கு விசிட்டாத்துவைதக் கொள்கைக்கு ஏற்ப ஓர் உரை காணவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. அதற்குப் போதாயனர் இயற்றிய விருத்தி என்னும் பழைய உரை தேவைப்பட்டது. அந்நூல் காசுமீரத்தில் இருப்பதறிந்து இராமாநுசர் நெடுவழி நடந்து அங்குச் சென்றார். ஆழ்வானும் உடன் சென்றார். அரிதின் முயன்று பெற்ற அந்நூலை, அவர்கள் திரும்பும் வழியில் அந்நாட்டார் சிலர் தொடர்ந்து வந்து பறித்துச் சென்றனர். இராமாநுசர் பெரிதும் கலங்கினார். அப்பொழுது ஆழ்வான் பணிவுடன் ஓர் உண்மையை வெளியிட்டார். பகல் முழுதும் நடந்த களைப்பில் ஏனையோர் உறங்கிய இரவுகளில், அவர் அந்நூலை முற்றும் படித்து மனத்திற் பதித்திருந்தார்.

திருவரங்கம் திரும்பியபின் இராமாநுசர் உரை சொல்ல, ஆழ்வான் ஏட்டில் எழுதினார். தம் கூற்று எங்கேனும் பொருந்தாது எனத் தோன்றினால் எழுதாது நிறுத்திவிடலாம் என்பது ஆசிரியர் வகுத்த விதி. ஒருநாள் உயிரின் இயல்பைக் கூறுமிடத்து, அறியும் தன்மையே அதன் இலக்கணம் என இராமாநுசர் உரைத்தார். உயிர் இறைவனுக்கே உரியது என்னும் கருத்து அவ்வுரையில் விடுபட்டிருந்தது. ஆழ்வானின் எழுத்தாணி நின்றது. தொடர்ந்து எழுதுமாறு ஆசிரியர் பணித்தும் அஃது அசையவில்லை. இராமாநுசர் சினங்கொண்டு கடிந்து எழுந்து சென்றார். ஆழ்வான் வருந்தவுமில்லை, எழுதவுமில்லை. தனித்திருந்து சிந்தித்த இராமாநுசர் குறை தம்முடையதே எனக் கண்டு, மாணாக்கரை அழைத்து உரையைத் திருத்திக் கூறினார். எழுத்தாணி மீண்டும் ஓடியது. இவ்வாறு உருவான நூலே ஸ்ரீபாஷ்யம்.

இந்நிகழ்ச்சியை நாம் மனங்கொள்ளவேண்டும். ஆழ்வான் ஆசிரியர் சொல்லியதையெல்லாம் ஆராயாது ஏற்றுக்கொள்ளும் அடிமையல்லர். உண்மையின்பொருட்டு ஆசிரியரின் சினத்தையும் தாங்கும் உரம் உடையவர். அத்தகைய ஒருவர் பிற்காலத்தில் அதே ஆசிரியருக்காகத் தம்மை ஈந்தாராயின், அது குருட்டுப் பற்றினால் விளைந்ததன்று. நன்கு தெளிந்த அறிவினால் விளைந்தது.

மாறிய உடை

சோழ நாட்டை அப்பொழுது ஆண்ட மன்னன் ஒருவன், தன் சமயமே யாவரினும் உயர்ந்தோர் ஏற்கத்தக்கது என நாட்டிலுள்ள அறிஞர் அனைவரும் கையெழுத்திடவேண்டும் என்று ஆணையிட்டான் என மரபு நூல்கள் கூறுகின்றன. சிவனுக்கு மேற்பட்ட பொருள் இல்லை என்பது அவ்வோலையின் வாசகம். அம்மன்னன் இன்னான் என்பதில் வரலாற்றறிஞர் கருத்து ஒன்றுபடவில்லை. சோழர் பலர் சிவன் கோயில்களைப் போன்றே திருமால் கோயில்களுக்கும் அறக்கொடை வழங்கினர் என்பதற்குக் கல்வெட்டுகள் சான்றாகும். ஆதலின் இந்நிகழ்ச்சியில் குற்றம் சைவத்தின்மேலதன்று. பிறர் நெஞ்சில் உறையும் நம்பிக்கையை வாள்முனையால் மாற்றக் கருதிய அதிகாரச் செருக்கே குற்றமுடையது.

அச்சத்தாற் சிலரும் ஆசையாற் சிலரும் கையெழுத்திட்டனர். அரசவையில் இருந்த நாலூரான் என்பவன், எளியோர் பலரின் கையெழுத்தாற் பயனில்லை என்றும், இராமாநுசர் ஒருவரின் கையெழுத்தே வேண்டுவது என்றும் மன்னனுக்கு எடுத்துரைத்தான். இவன் ஆழ்வானிடமே பாடங்கேட்டவன் என்பர். மன்னனின் ஆட்கள் இராமாநுசரை அழைத்து வருமாறு திருவரங்கத்திற்கு விரைந்தனர்.

அவர்கள் மடத்தின் வாயிலை அடைந்தபோது இராமாநுசர் நீராடச் சென்றிருந்தார். அழைத்துச் செல்பவர்கள் அவரை உயிருடன் திருப்பி அனுப்பப் போவதில்லை என்பதை ஆழ்வான் உணர்ந்தார். சிந்தித்து நிற்கக் காலம் இல்லை. ஆசிரியரின் காவியாடையை எடுத்து உடுத்தார். முக்கோலைக் கையிற் கொண்டார். தாமே இராமாநுசர் போல வெளியே வந்து அவ்வாட்களுடன் நடந்தார். இராமாநுசரின் ஆசிரியரும் ஆண்டில் மிக முதிர்ந்தவருமாகிய பெரிய நம்பியும், தம் மகள் அத்துழாய் உடன்வரச் சென்றார்.

நீராடி மீண்ட இராமாநுசர் நிகழ்ந்ததை அறிந்து துடித்தார். ஆயினும் அன்பர்கள் அவரைச் சூழ்ந்து நின்று, ஆழ்வானின் எண்ணம் வீண்போகாதிருக்கவேண்டின் அவர் உடனே நாட்டை விட்டு நீங்கவேண்டும் என்று வற்புறுத்தினர். காவியாடை சென்றுவிட்டது, எஞ்சியிருந்தது ஆழ்வானின் வெள்ளாடை. அதனை உடுத்துக்கொண்டு இராமாநுசர் மேற்றிசை நோக்கிப் புறப்பட்டார். துறவியின் உடையில் இல்லறத்தார் ஒருவர் துன்பத்தை நோக்கிச் சென்றார். இல்லறத்தாரின் உடையில் துறவி உயிர் தப்பிச் சென்றார். அன்று மாறியவை உடைகள் மட்டும் அல்ல. ஒருவருக்கு வரவேண்டிய இடர் மற்றொருவர் தலைமேல் மாறிற்று.

இழந்த கண்கள்

அரசவையில் ஆழ்வான் அஞ்சாது வாதிட்டார். ஓலையை நீட்டிக் கையெழுத்திடுமாறு மன்னன் பணித்தான். ஆழ்வான் எழுத்தாணியை ஏந்தினார். சிவம் என்னும் சொல் வடமொழியில் ஒரு முகத்தலளவைக்கும் பெயராகும். துரோணம் என்பது அதனினும் பெரிய அளவை. இச்சொல்நயம் தோன்றச் சிவத்தினும் பெரியது துரோணம் உண்டு என்று அவ்வோலையின் அடியில் எழுதினார். மன்னன் சினத்தால் எரிந்தான். இருவருடைய கண்களையும் பறிக்குமாறு ஆணையிட்டான். தம் கண்களைப் பிறர் தீண்டுமுன் ஆழ்வான் தாமே அவற்றைப் போக்கிக்கொண்டார் என்றும், பெரிய நம்பியின் கண்களை ஏவலர் பறித்தனர் என்றும் நூல்கள் கூறும்.

ஒளியிழந்த இருவரையும் அத்துழாய் கைப்பற்றி அழைத்து வந்தாள். முதுமையாலும் நோவாலும் தளர்ந்த பெரிய நம்பி திருவரங்கம் வரை நடக்க இயலவில்லை. வழியிலேயே, ஆழ்வானின் மடியில் தலையும் மகளின் மடியில் காலும் வைத்தபடி உயிர் நீத்தார். ஆழ்வான் அவருக்குரிய இறுதிக் கடன்களை முடிக்கச் செய்து, தடவித் தடவி நடந்து திருவரங்கம் சேர்ந்தார்.

அங்கும் ஒரு சோதனை காத்திருந்தது. இராமாநுசரைச் சார்ந்தோர் எவரையும் கோயிலுள் விடலாகாது என்பது அரசாணை. வாயில் காவலர் ஆழ்வானைத் தடுத்தனர். அவர்களுள் ஒருவன் இரக்கமுற்று, ஆழ்வான் யாவர்க்கும் நல்லவர், ஆதலின் அவரை மட்டும் விடலாம் என்றான். ஆழ்வான் தயங்கி நின்றார். தம்மிடம் நற்குணம் ஏதேனும் இருப்பின் அஃது இராமாநுசரின் தொடர்பினால் வந்ததே என்றும், அத்தொடர்பை விலக்கிவிட்டுக் கிடைக்கும் இறைவழிபாடும் தமக்கு வேண்டா என்றும் கூறித் திரும்பினார். கண்ணிழந்தபின்னும் அவருக்கு எஞ்சியிருந்த பேறு திருவரங்கக் கோயில் ஒன்றே. அதனையும் அன்று துறந்தார். மனைவி மக்களுடன் மதுரைக்கு அருகிலுள்ள திருமாலிருஞ்சோலையை அடைந்து அங்கே வாழ்ந்தார். அழகர்மீது சுந்தரபாகு தவம் என்னும் வடமொழித் துதிநூலை இயற்றினார். புறக்கண்ணுக்குப் புலனாகாத அழகரின் பேரழகை அகக்கண்ணாற் கண்டு பாடிய நூல் அது.

காக்கப்பட்டவர் ஆற்றிய கடமை

பிறர் தியாகத்தால் உயிர் பிழைத்தவருக்குப் பெரியதொரு பொறுப்பு உண்டு. அவ்வுயிர் இனி அவர்க்கு மட்டும் உரியதன்று. இராமாநுசர் இதனை நன்கு உணர்ந்திருந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்வே சான்று. காடும் மலையும் கடந்து அவர் போசள நாட்டை அடைந்தார். பேலூரில் 1117-ஆம் ஆண்டில் சென்னகேசவர் கோயிலை எடுப்பித்த விஷ்ணுவர்த்தனன் என்னும் மன்னன் அவரைப் போற்றினான். மேல்கோட்டை எனப்படும் திருநாராயணபுரத்தில் இராமாநுசர் பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிக் கோயில் வழிபாட்டைச் சீர்செய்தார் என்பர். சமுதாயத்தில் ஒதுக்கப்பட்டிருந்த மக்களைத் திருக்குலத்தார் எனப் பெயரிட்டு அழைத்து, ஆண்டுதோறும் குறித்த நாள்களில் அவர்கள் கோயிலுள் நுழைந்து வழிபடும் உரிமையை நிலைநாட்டினார். அவர் ஒளிந்திருந்து உயிரைப் பேணினாரல்லர். தமக்கு ஈயப்பட்ட ஆண்டுகளைப் பிறர்க்கு ஈந்தார்.

பெரிய நம்பியின் மறைவும் ஆழ்வானின் கண்ணிழப்பும் அவர் செவிக்கு எட்டியபோது அவர் உள்ளம் உடைந்தது. மன்னன் இறந்தபின் திருவரங்கம் மீண்டார். ஆழ்வானும் அங்கு வந்து சேர்ந்தார். ஒளியற்ற அம்முகத்தைக் கண்ட இராமாநுசர், தம்பொருட்டு அவர் கண்ணிழந்ததை எண்ணிக் கண்ணீர் சொரிந்தார். ஆழ்வானோ அப்பழியைத் தம்மேல் ஏற்றுக்கொண்டார். அடியார் ஒருவரின் நெற்றித் திருமண் கோணியிருந்ததை முன்னொருகால் தாம் எள்ளி நினைத்திருக்கலாம். அதன் பயனே இஃது எனக் கூறி ஆசிரியரைத் தேற்றினார். உதவி பெற்றவர் நெஞ்சில் கடன்சுமை தோன்றாதவாறு உதவுதல் ஈகையினும் அரியது. ஆழ்வான் அதனைச் செய்தார்.

காஞ்சியிற் கேட்ட வரம்

ஆயினும் இராமாநுசரின் உள்ளம் அமைதி கொள்ளவில்லை. காஞ்சியிற் கோயில் கொண்ட வரதர் கேட்டவர்க்குக் கேட்டது அருளும் வள்ளல் ஆதலின், அவரைப் பாடிக் கண்களைப் பெறுமாறு ஆழ்வானைப் பணித்தார். ஆழ்வான் தம்பொருட்டு எதனையும் வேண்டியறியாதவர். ஆசிரியரின் ஆணையை மறுக்கவும் இயலாதவர். இளமையில் தாம் நாள்தோறும் கண்ட அத்திகிரியின் இருபத்துநான்கு படிகளையும் இப்பொழுது காலால் உணர்ந்து ஏறினார். வரதராச தவம் என்னும் துதியைப் பாடினார். வைகுந்த தவம், அதிமானுட தவம், சுந்தரபாகு தவம், ஸ்ரீதவம் ஆகிய நான்கனோடு இதனையும் சேர்த்துப் பஞ்சதவம் என வழங்குவர்.

வேண்டுவது யாது என்று இறைவன் வினவியதாக மரபு கூறும். ஆழ்வானின் மறுமொழி அங்கிருந்தோரைத் திகைக்க வைத்தது. தாம் பெறும் பேறு எதுவோ அதனை நாலூரானும் பெறவேண்டும் என்று அவர் வேண்டினார். எவன் சொல்லால் இராமாநுசரைத் தேடி ஆட்கள் வந்தனரோ, எவன் சொல்லால் பெரிய நம்பி வழியில் மாண்டாரோ, எவன் சொல்லால் தாம் கண்ணிழந்தாரோ, அவனுக்காகவே அவ்வரம் கேட்கப்பட்டது. இறைவனும் அருளினான். இதனை அறிந்த இராமாநுசர், கண்ணைக் கேட்கவேண்டிய இடத்தில் வேறொன்றைக் கேட்டாரே என்று முதலில் வருந்தினார். பின்னர் அவ்வுள்ளத்தின் உயரத்தைக் கண்டு வியந்தார். அதன்பின் ஆழ்வான் புறக்கண்ணே பெற்றார் என்பாரும், இறைவனையும் ஆசிரியரையும் மட்டும் காணும் அருட்கண் பெற்றார் என்பாரும் உளர்.

ஆழ்வான் தம் ஆசிரியருக்கு முன்னரே உலகை நீத்தார். தம்மை விட்டு முந்திச் செல்வது முறையோ என்று இராமாநுசர் கலங்கியபோது, பெரியோர் வரும்பொழுது இளையோர் முன் சென்று எதிர்கொள்வதே முறை என்றும், ஆசிரியரை வரவேற்கவே தாம் முன் செல்வதாகவும் ஆழ்வான் விடை கூறினார். தாம் இறப்பதையும் ஒரு தொண்டாகவே கருதிய பெருந்தகை அவர். ஆழ்வானால் நெறிப்படுத்தப்பட்ட திருவரங்கத்தமுதனார் பின்பு இராமாநுச நூற்றந்தாதி பாடினார். அதில், பிறர் பலர் வீழும் மூவகைச் செருக்கினையும் கடந்தவர் என ஆழ்வானைப் போற்றினார். குலம், கல்வி, செல்வம் ஆகியவற்றால் விளையும் செருக்கே அம்மூன்று என்பர் உரைகாரர்.

நாம் கொள்ளத்தக்கது

ஒருவர் தம்மை ஈந்து மற்றொருவரைக் காக்கும் இவ்வறம் ஒரு சமயத்திற்கு மட்டும் உரியதன்று. இயேசு பெருமான் சிலுவையில் துன்புற்று இறந்தது உலகோரின் பாவச் சுமையைத் தாம் ஏற்றதனால் என்பது கிறித்தவரின் அடிப்படை நம்பிக்கை. ஆண்டுதோறும் பெரிய வெள்ளியன்று அவர்கள் அதனை நினைந்து உருகுகின்றனர். அந்நம்பிக்கையில் வாழ்ந்த மாக்சிமிலியன் கோல்பே என்னும் போலந்து நாட்டுத் துறவி, 1941-ஆம் ஆண்டில் ஆஷ்விட்சுச் சிறைமுகாமில் இருந்தார். கைதி ஒருவன் தப்பியதற்குத் தண்டனையாகப் பத்துப்பேரைப் பட்டினியிட்டுக் கொல்லக் காவலர் தேர்ந்தெடுத்தனர். அவர்களுள் ஒருவர் தம் மனைவி மக்களை நினைத்துக் கதறினார். கோல்பே முன்வந்து அவர் இடத்தைத் தாம் ஏற்று, அவ்வாண்டு ஆகஸ்டு 14-ஆம் நாள் உயிர் துறந்தார். காக்கப்பட்ட அம்மனிதர் 1995-ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தம்மைக் காத்தவரைப் பற்றிப் பலர்க்கும் எடுத்துரைப்பதைத் தம் வாழ்நாட் கடனாகக் கொண்டார். காலம் வேறு, நாடு வேறு, சமயம் வேறு. ஆயினும் அன்பு ஒன்றே.

கூரத்தில் உள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆழ்வானுக்கு இன்றும் விழா எடுக்கின்றனர். இராமாநுசரின் புகழ் உலகெங்கும் பரவியுள்ளது. 2017-ஆம் ஆண்டில் அவருடைய ஆயிரமாவது ஆண்டு நிறைவு சிறப்பாகக் கொண்டாடப்பெற்றது. அப்புகழில் ஆழ்வானின் பங்கும் பிரியாது கலந்திருக்கின்றது. காஞ்சிப் பட்டின் கரை உடலோடு கோக்கப்பட்டிருப்பது போல.

நாம் உண்ணும் உணவும், கற்கும் கல்வியும், துய்க்கும் உரிமையும் யாரோ ஒருவர் தம் நலத்தை விட்டுக் கொடுத்ததனால் நமக்கு வந்தவை. கொடுத்தவருள் பலர் பெயரும் நமக்குத் தெரியாது. அவர்களுக்கு அதனைத் திருப்பித் தருதல் இயலாது. இராமாநுசர் ஆழ்வானின் கண்களைத் திருப்பித் தர இயலவில்லை. ஆயின் அக்கண்களின் விலையாகத் தாம் பெற்ற ஆண்டுகளைப் பயனுள்ளவையாக வாழ்ந்து காட்டினார். ஆழ்வான் தாம் பெற்ற அருளைத் தமக்குத் தீங்கு செய்தவனுக்கும் பகிர்ந்தளித்தார். பெற்றதைப் பிறர்க்குப் பயன்படுத்தலே பெற்றவர் செலுத்தத்தக்க நன்றியாகும்.